நெய்னா காக்கா தொடாத முதல் பேஸ்

கடல் சூழ்ந்த கீழக்கரையில் பிறந்து, கல்மலை சூழ்ந்த ராஸ் அல் கைமாவில் எங்களுக்குக் காவலாய் நின்ற கருணையாளரே! டைல் ஆலையின் ஸ்டோர் பொறுப்பாளரே! சாமான் கேட்டு வந்தவனைச் சலிக்காமல் வரவேற்று, சாயா ஒன்று கொடுத்தபின்பே சாவியை எடுக்கும் சாந்தமூர்த்தியே! வெள்ளிக்கிழமை மைதானத்தின் வளையாத நீதிமானே! எங்கள் எல்லோருக்கும் அண்ணனான, அன்பிற்குரிய நெய்னா முகம்மது காக்காவே! வணக்கம். தங்கள் மீது இறைவனின் சாந்தி நிலவுக!

பணி நிறைவு விழாவில் மகிழ்ச்சி பொங்க வாழ்த்த வேண்டும் என்பது முறை. எங்களுக்கோ வாழ்த்த வாயெடுத்தால் வருத்தமே முன்னால் வந்து நிற்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தீர்கள். சோலைமுத்து காய்ச்சலில் கிடந்தபோது டியூட்டி முடிந்த கையோடு கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும், தாயாரின் மறைவுக்கு லீவு கிடைக்காமல் தவித்த சுரேஷ்குமாருக்காக மேனேஜர் அறை வாசலில் உட்காராமல் நின்று லீவு வாங்கித் தந்ததும் இந்த கேம்ப் உள்ளவரை பேசப்படும்.

ஆனால் தங்களை நினைத்தவுடன் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பேஸ்பால்தான். சவூதியின் அல் கோபாரில் ஓர் அமெரிக்கப் பொறியாளருக்குக் கார் ஓட்டிய காலத்தில் அவரிடம் கற்றுக்கொண்டு, ஒரு மட்டையும் ஒரு தோல் கையுறையும் நூறாண்டுப் பழைய கதைகளுமாக இங்கே வந்து இறங்கினீர்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறு தெய்வமறியாத எங்களை வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பின் மணலுக்கு இழுத்துப் போனீர்கள். தரம் தேறாத வெள்ளை டைல்கள் நான்கை மணலில் பதித்து, இவைதான் பேஸ் என்றீர்கள். பந்தை அடித்தவன் ஓடிப்போய் முதல் பேஸைத் தொட்டால்தான் அடித்தது செல்லும் என்று தலைப்பாடமாகச் சொல்லித் தந்தீர்கள்.

மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும் வரை தாங்கள் சொன்ன கதைகள்தான் எத்தனை! 1905இல் ஒரே தொடரில் மூன்று ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பந்து வீசிய மாத்யூசன். 1917இல் ஒன்பது சுற்றுகள் முடிந்தும் இரு தரப்பிலும் ஒருவருக்கும் அடி கிடைக்காத அதிசய ஆட்டம். 1912இல் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டு ஆயுள் முழுதும் பேச்சு வாங்கிய ஸ்னாட்கிராஸ். ஆனாலும் தாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு கதையைத்தான். 1908, நியூயார்க். வெற்றி ரன் வந்துவிட்டது என்று ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். முதல் பேஸிலிருந்து ஓடிய பத்தொன்பது வயது மெர்க்கில், ஆட்டம் முடிந்ததென்று இரண்டாம் பேஸைத் தொடாமலே திரும்பிவிட்டார். அவர் அவுட், அந்த ரன் செல்லாது, கடைசியில் கோப்பையும் போயிற்று. "அவன் பேர்ல மட்டும் பழியப் போடாதிய. ஆட்டம் முடியுமுன்ன உள்ள ஓடியாந்த கூட்டத்துக்கும் அதுல பங்கு இருக்கு" என்பீர்கள். அப்படியும் ஒரு மடக்கூட்டம் இருக்குமா என்று நாங்கள் சிரிப்போம்.

சிரித்தவர்களின் லட்சணம் போன வெள்ளிக்கிழமை தெரிந்தது. முழங்கால் வலியைச் சொல்லி எந்நாளும் நடுவராகவே நின்ற தங்களை, ஊருக்குப் போகுமுன் ஒரே ஒரு முறை மட்டை பிடிக்கச் சொல்லிக் கெஞ்சினோம். நடுவர் பதவியையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்து நின்றீர்கள். பேக்கிங் பிரிவும் ஸ்டோர், சூளைக்காரர்களான நாமும் ரன்னில் சமநிலை. நம் பக்கம் இரண்டு பேர் அவுட், மூன்றாமவரும் அவுட்டானால் அந்தச் சுற்று முடிந்தது. மூன்றாம் பேஸில் சோலைமுத்து. தாங்கள் அடித்தீர்கள், காக்கா! பந்து வேலியோரம் வரை உருண்டது. சோலைமுத்து ஓடி வந்து சேர்ந்தான், வெற்றி ரன்! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்த தங்களை முதல் பேஸுக்குப் பாதி வழியிலேயே மறித்து, அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம்.

பேக்கிங் பிரிவு ஜெயசீலன் தங்களிடம் பாடம் கேட்டவன் அல்லவா! பந்தை வாங்கிக்கொண்டு முதல் பேஸில் ஏறி நின்றான். "காக்கா இன்னும் பேஸத் தொடல்லியே" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினோம். எங்கள் தோள்மேல் இருந்தபடியே தாங்கள் தீர்ப்பு வழங்கினீர்கள்: "எறக்கி வுடுங்கப்பா. அவன் சொல்றதுதான் சரி. நான் அவுட்டு, ரன்னும் செல்லாது. கலாஸ், முடிஞ்சிச்சு."

அடுத்த சுற்றில் தோற்றோம். தோற்றது பெரிதில்லை. மணலைத் தட்டிவிட்டு, ஒரு சொல்லும் கடிந்து பேசாமல் தாங்கள் நடுவர் இடத்துக்குத் திரும்பி நடந்தீர்களே, அதுதான் எங்களைத் தின்கிறது. வாழ்நாளில் தாங்கள் அடித்த ஒரே அடியை அன்பினாலேயே அழித்துவிட்டோம். வேறொரு வெள்ளிக்கிழமை இனி இல்லை. நாளை தங்களுக்கு விமானம்.

ஆகவே, ஐயா, இந்த மடலைக் காகிதத்தில் எழுதவில்லை. அந்த முதல் பேஸ் டைலையே மணலிலிருந்து பெயர்த்து, கழுவி, அச்சுப் பிரிவில் இவ்வெழுத்துகளைப் பதித்து, மறுபடி சூளையில் சுட்டெடுத்து வந்திருக்கிறோம். தங்கள் துணைவியார் பத்ருன்னிசா லாத்தா காத்திருக்கும் இல்லத்தில் தாங்கள் நோயின்றி நூறாண்டு நிறைவாக வாழ எல்லாம் வல்லவன் அருள்புரிவானாக! கூடுதல் லக்கேஜ் எடைக்கு நாங்கள் பொறுப்பு.

ரன் கணக்கில் சேராது என்றுதான் சொல்வீர்கள். தெரியும். ஆனாலும் கை நீட்டி இதைத் தொடுங்கள், காக்கா. தாங்கள் தொடும்வரை, இந்த முறை, எங்களில் ஒருவரும் நாற்காலியை விட்டு எழமாட்டோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
ஸ்டோர், சூளை, பேக்கிங் பிரிவுத் தோழர்கள் சார்பில்
அருள்முருகன்
ராஸ் அல் கைமா