பால்சுறாவும் கூகையும்

1962 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. காற்றே இல்லை, வெயில் அதற்குள் சுட்டது. புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் பஸ்ஸில் என்னோடு சேர்த்து நாற்பத்தொரு பேர். எனக்கு முன் சீட்டில் ஒரு மாமனாரும் மருமகனும். மாமனாரின் மடியில் ஓலைப்பை, அதில் மூன்று பால்சுறா மீன். அவருடைய வலது கால் கட்டைவிரலில் துணிக்கட்டு. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவியையும் மூன்று மாதக் குழந்தையையும் அழைத்துப் போக மருமகன் வந்திருந்தார்.

"ஆந்தை, கூகை அடையிற வீட்டுக்குப் பச்சப்புள்ளைய அனுப்ப மாட்டேன் மாப்ளே."

"ஆளைக் கடிக்கிற சுறாவ மகளுக்குப் புட்டாக்கிக் குடுக்குறீங்க. பரண்ல சும்மா இருக்குற கூகை ஆகாதுங்களா மாமா?"

"சுறா தின்னாத் தாய்க்குப் பால் ஊறும். கூகையால என்ன ஊறும்?"

"ராத்திரிக்கு நாலு எலி புடிக்குதுங்க."

"அது மூஞ்சியப் பாத்தாலே புள்ள பயந்துக்கும்."

"சுறா மூஞ்சி மட்டும் லெச்சணமாவா இருக்கு?"

மாமனார் பையின் வாயை மூடினார்.

"அது கெடக்கட்டும் மாமா. ஒங்க வெரல்ல என்ன கட்டு?"

மாமனார் காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எலி கடிச்சிருச்சு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கடைசியில் மாமனாருக்கும் அடக்க முடியவில்லை.

"நாளைக்குப் புதன், நல்ல நாளு. நானே கூட்டியாரேன் மாப்ளே. அந்தக் கூகை குஞ்சு பொரிச்சா ஒண்ணை எங்க வீட்டுப் பக்கம் அனுப்புங்க."

நான் இறங்க வேண்டிய ஊர் இரண்டு மைலுக்கு முன்பே போய்விட்டிருந்தது. திரும்பி வர ஆன செலவு, பத்து நயா பைசா.