இரண்டாவது சரணத்துக்கு முன்னால்

— "அப்பா, லிஃப்ட் மாமா என்ன தப்பு பண்ணினார்? அவரை மட்டும் ஏன் கடைசியில உக்கார வச்சிருக்கீங்க?"ன்னு உங்க பொண்ணு ஒரு தடவை கேட்டாளே, ஞாபகம் இருக்கா மச்சான்?

— இருக்கு மாப்ள. அப்ப அவளுக்கு அஞ்சு வயசு. மேடையிலயே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அதை எதுக்கு இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல காரை நிறுத்திட்டுக் கேக்கறே?

— அன்னைக்கு நீங்க சிரிச்சீங்களே தவிர பதில் சொல்லல. போன வருஷம், இங்க லிஃப்ட் ஓட்டற அந்த மனுஷனை நிஜமாவே நம்ம பாட்டு பேண்டை விட்டு அனுப்பிட்டீங்க. இப்பவாவது சொல்லுங்க. என்ன தப்பு பண்ணினார்?

— ரோல், மாப்ள, ரோல்! எந்தப் பாட்டா இருந்தாலும் ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி கடகடகடன்னு டிரம்ஸ்ல ஒரு உருட்டு. நான் வாயைத் திறக்கற நேரம் பார்த்து அவன் பெருமையை அடிச்சுக்கிட்டிருப்பான். ஜனங்க என்னைப் பார்க்கறதா, அவனைப் பார்க்கறதா? பாட்டுக்காரன் நானா, அவனா?

— சரி. அவரை அனுப்பிட்டு யாரைக் கொண்டு வந்தீங்க? ஆம்புலன்ஸ் ஓட்டறவரை.

— திறமைசாலிய்யா அவர்.

— யார் இல்லேன்னாங்க? அஞ்சு நிமிஷப் பாட்டை மூணு நிமிஷத்துல கொண்டுபோய்ச் சேர்த்துட்டார். நீங்க மூச்சு விட இடமில்லாம ஒரு சரணத்தையே முழுங்கினீங்க. நான் பேஸ் கிட்டாரைத் தூக்கிட்டு அவர் பின்னாடி ஓடினேன். அவர் இருந்த வரைக்கும் நாம எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் வள்வள்ளுன்னு விழுந்துக்கிட்டிருந்தோம். கீபோர்டுக்காரர் அழுதே போட்டார். "எங்க அண்ணன்கூட என்ன சண்டை?"ன்னு என் பொண்டாட்டி கேட்டா. சண்டை நாங்க போடலடி, தாளம் போடுதுன்னேன்.

— அதனாலதானே அவருக்குக் கும்பிடு போட்டுட்டு கணக்கு வாத்தியாரைக் கூட்டிட்டு வந்தேன்!

— வாத்தியார்! காதுல டிக் டிக்குன்னு ஒண்ணை மாட்டிக்கிட்டு வாசிச்சார். மயிரிழை பிசகல, ஒத்துக்கறேன். ஆனா பாட்டு நடுவுல குச்சியை நீட்டி என்னைக் காட்டினார் மச்சான். "நீங்க லேட்டு"ன்னார். சொந்தமா டயர் கடை வச்சிருக்கறவன் நான். ஊரே பார்க்குது. பெஞ்சு மேல ஏறி நிக்கலாமான்னு தேடினேன், மேடையில பெஞ்சு இல்ல.

— அந்தக் கச்சேரியிலதான்...

— ஆமா. ரெண்டாவது சரணம். நீங்க வாயைத் திறந்தீங்க, ஒண்ணும் வரல. வாத்தியார் யாருக்காகவும் நிக்காம போய்க்கிட்டே இருக்கார். மைக் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மைக்செட்காரர் ஓடி வந்து வேற மைக்கைக் கையில குடுத்தார். அதுலயும் ஒண்ணும் வரல.

— சிரிக்காதே மாப்ள. நான் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவங்களை "நல்லா வாயைத் திறங்க"ன்னு சொல்றவன். அன்னைக்கு என் வாய் திறந்தது திறந்தபடியே நின்னுச்சு. வயசாயிடுச்சு, மூளை மழுங்கிடுச்சு. சனிக்கிழமை மேடையில இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா, சத்தியமா சொல்றேன், அதோட பாட்டுக்கு முழுக்கு. பல்லைப் பிடுங்கினோமா, வீட்டுக்குப் போனோமான்னு கிடப்பேன்.

— வாத்தியாருக்கு அப்புறம் வந்த நூலகரை விட்டுட்டீங்களே.

— அவரை ஏன் ஞாபகப்படுத்தறே? வாசிச்சாரா தடவிக் குடுத்தாரான்னே தெரியல.

— நல்ல மனுஷன். ஆனா அவர் வந்ததுலேர்ந்து ரிகர்சல் ரூம்ல நாம எல்லாருமே குசுகுசுன்னுதான் பேசினோம், கவனிச்சீங்களா? டீயைக்கூட உறிஞ்சற சத்தம் வராமக் குடிச்சோம். நாம ராக் பேண்டு மச்சான்! அந்த லிஃப்ட்டு இருந்தப்ப எப்படி இருந்தோம்? யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். ஒரே வண்டியோட நாலு சக்கரம் மாதிரி திரும்புவோம். இப்ப ஒரு சக்கரம் இல்ல, மூணும் உரசுது.

— சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வா.

— இந்த போனைக் காதுல வைங்க. பழைய கச்சேரி. லிஃப்ட்டு வாசிச்சது. இதோ, ரெண்டாவது சரணம் வரப்போகுது. அவர் ரோல் கேக்குதா?

— குட்டியா இருக்கே.

— இது இன்னொரு கச்சேரி. அதே பாட்டு.

— இதுல கொஞ்சம் நீளம்.

— இது உங்களுக்குக் காய்ச்சல் அடிச்சப்ப பாடினது.

— ஐயையோ, எவ்வளவு நேரம் உருட்டறான் பாரு! இதைத்தானே சொன்னேன், பெருமை!

— திட்டாம கேளுங்க. ரோல் முடியற இடத்துல என்ன கேக்குது?

— என் குரல்.

— குரலுக்கு முன்னாடி?

— மூச்சு. நான் மூச்சை இழுக்கற சத்தம்.

— மூணுலயும் அதேதான் மச்சான். நீங்க மூச்சு இழுத்த உடனே அவர் ரோலை நிறுத்திடறார். உங்களுக்கு வரி ஞாபகம் வர்ற வரைக்கும் உருட்டியிருக்கார். சீக்கிரம் வந்தா குட்டி ரோல், வரலைன்னா பெரிய ரோல். மறதி உங்களுக்கு வயசால வரல. எப்பவும் இருந்திருக்கு. ஒருத்தர் பின்னாடி உக்காந்துக்கிட்டு அதை வெளிய தெரியாம மூடி வச்சிருக்கார்.

— மறுபடியும் போடு.

— போடவா?

— வேண்டாம். வேண்டாம் மாப்ள. கதவைத் திற. உள்ள போவோம். இந்நேரம் அவன் லிஃப்ட்லதானே இருப்பான்?

— எந்த மாடிங்க? அடடே! டாக்டரா! டயர் கடை அண்ணனும் வந்திருக்கீங்களா! பார்த்து, பார்த்து, கதவு. வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?

— யாருக்கும் ஒண்ணும் இல்ல, லிஃப்ட்டு. உன்கிட்டத்தான் பேசணும்.

— தாராளமாப் பேசலாம். ஆனா ஒரு மாடியைச் சொல்லிடுங்க டாக்டர். சும்மா ஆளை ஏத்திட்டு நிக்கக் கூடாதுன்னு இங்க உத்தரவு.

— ஏழு.

— ஏழுல பிரசவ வார்டுங்க.

— இருக்கட்டும், போ!

— சரிங்க. ஒரே நிமிஷம், ஒரு அம்மா ஓடி வர்றாங்க. கதவைப் பிடிச்சுக்கறேன். மெதுவா வாங்கம்மா, உங்களை விட்டுட்டுப் போயிட மாட்டேன். எந்த மாடி? மூணா? ஆகட்டும். இப்ப சொல்லுங்க டாக்டர்.

— அது வந்து... அன்னைக்கு உன்னை நான்...

— டாக்டருங்களா? எந்த டாக்டர்? பல் டாக்டரா! நல்லவேளை. இங்க பாருங்க, இந்தக் கடைவாய்ப் பல்லு ராத்திரியெல்லாம் உயிரை எடுக்குது.

— அம்மா, நான் இங்க ஒரு முக்கியமான... சரி, நல்லா வாயைத் திறங்க. இன்னும். இந்தப் பக்கம் திரும்புங்க. ம். ஈறு வீங்கியிருக்கு, உப்புத் தண்ணியில கொப்பளிங்க. நாளைக்கு க்ளினிக் வாங்க.

— நீங்க மகராசனா இருக்கணும்!

— மூணாவது மாடி. பார்த்து இறங்குங்கம்மா. இப்ப சொல்லுங்க டாக்டர்.

— என்னை மன்னிச்சிடு, லிஃப்ட்டு.

— எதுக்குங்க?

— ரோலுக்கு! நீ எனக்காகத்தான் உருட்டினேன்னு எனக்குத் தெரியாது. தெரியாம உன்னைப் போய்...

— சேச்சே. எனக்குக் கை துறுதுறுங்கும் டாக்டர். அதான் உருட்டுவேன்.

— பொய் சொல்லாதே. வாயைத் திறந்தா உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறதுதான் என் தொழில்.

— அஞ்சாவது மாடி. ஐயோ, ஸ்ட்ரெச்சர் வருதுங்க. இடம் பத்தாது, ஒருத்தர் இறங்கிக்கணும்.

— மாப்ள, நீ இறங்கு.

— டயர் தூக்கித் தூக்கி காத்து இறங்கின முழங்கால் மச்சான் இது. நீங்க இறங்குங்க. ரெண்டே மாடிதானே.

— சரி சரி, படியில வர்றேன். லிஃப்ட்டு! சனிக்கிழமை வாசிக்க வருவியா மாட்டியா, அதை மட்டும்...

— கதவு, கதவு! விரல் பத்திரம் டாக்டர்!

— போயிட்டார். படியேறிட்டு இருப்பார்.

— பாவம்ண்ணே, அவருக்கு மூச்சு வாங்கும். ஆறாவது மாடி. மெதுவாத் தள்ளிட்டுப் போங்க தம்பி, சக்கரம் இடுக்குல மாட்டப் போகுது. ஆங், அப்படித்தான்.

— இப்ப நாம ரெண்டு பேர்தான். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அத்தனை வருஷம் உருட்டினீங்க, கடைசியில திட்டையும் வாங்கிக்கிட்டீங்க. "உங்களுக்காகத்தான் டாக்டர்"னு ஒரு வார்த்தை ஏன் சொல்லல?

— அவர்கிட்ட சொல்ல மாட்டீங்களே?

— டயர் மேல சத்தியமா சொல்ல மாட்டேன்.

— அது கடன்ணே.

— பணமா?

— பணமா இருந்தா எப்பவோ குடுத்திருக்கலாமே. என் முதல் கச்சேரி. நீங்க அப்ப பேண்டுல இல்ல. பயத்துல கையெல்லாம் வேர்வை. பாட்டு நடுவுல வலது கைக்குச்சி வழுக்கிட்டு மேடையை விட்டே பறந்து போச்சு. மாத்துக்குச்சி எடுத்துட்டுப் போகணும்னுகூடத் தெரியாத மடையன் நான். டாக்டர் அப்ப "ஆ..."ன்னு ஒரு இழுப்புல இருந்தார். அதை விடவே இல்லண்ணே! நான் கீழ இறங்கி, நாற்காலிக்கு அடியில ஊர்ந்து, ஒரு பெரியவர் செருப்புக்குக் கீழேர்ந்து குச்சியை உருவி, மறுபடி வந்து உக்கார்ற வரைக்கும் இழுத்தார். முகமெல்லாம் சிவந்து, நரம்பு புடைச்சு...

— நிஜமாவா?

— அதைவிடப் பெருசு என்னன்னா, என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. தான் பார்த்தா ஜனங்களும் பார்ப்பாங்கன்னு கண்ணையே மூடிக்கிட்டார். என் மானம் போகலண்ணே. எல்லாரும் அவரைப் பார்த்துக் கை தட்டினாங்க. அதுக்கப்புறம் ஒரு நாள், ஒரு பேச்சு, "உன்னைக் காப்பாத்தினேன்டா"ன்னு சொல்லிக் காட்டினதில்ல. கடவுள் வேற எங்கேயோ இல்லண்ணே, அன்னைக்கு அவர் தொண்டையில இருந்தார். அதனால அவருக்கு வரி சிக்கறப்பல்லாம் நானும் கொஞ்சம் கொஞ்சமா, அவருக்கே தெரியாம...

— அடைச்சுட்டு வந்தீங்க.

— இன்னும் முடியலண்ணே. ரொம்ப நீளமான "ஆ" அது.

— அப்ப சனிக்கிழமை?

— குச்சி ரெண்டும் என் ஸ்டூலுக்குக் கீழதான் இருக்கு, பாருங்க. மாத்துக்குச்சியோட. தினமும் எடுத்துட்டு வர்றேன், யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு. ஏழாவது மாடி. இறங்குங்கண்ணே, கீழ பெல் அடிக்கறாங்க. ஒரு நடை போயிட்டு வந்துடறேன்.

— மாப்ள... இரு... மூச்சு... வருவானா? என்ன சொன்னான்?

— வருவார் மச்சான். முதல்ல இந்த பெஞ்சுல உக்காருங்க. அந்த நர்ஸ் உங்க முகத்தைப் பார்த்துட்டு, பிரசவத்துக்கு வந்த பொண்ணோட அப்பான்னு நெனச்சு தண்ணி கொண்டு வர்றாங்க.

— குடு, குடு. ரொம்ப நன்றிம்மா. இல்லம்மா, இன்னும் பிறக்கல. அப்பாடா! வருவானா! கடவுள் இருக்கார் மாப்ள. ஆனா ஒண்ணுதான் எனக்கு விளங்கல. நான் அவனுக்கு என்ன செஞ்சுட்டேன்? நல்லதா நாலு வார்த்தைகூடச் சொன்னதில்ல. எதுக்கு அவன் எனக்காக இத்தனை வருஷம்...

— மச்சான், அவரோட முதல் கச்சேரியில நீங்க ஒரு "ஆ" இழுத்தீங்களாமே?

— அதுவா! அதை இன்னுமா பேசிக்கறாங்க? அந்த மாதிரி அதுக்கப்புறம் எனக்கே வந்ததில்ல. சரி, கிட்ட வா. நீ நம்ம வீட்டு மாப்பிள்ளைங்கறதால சொல்றேன், வெளிய போகக் கூடாது.

— சொல்லுங்க.

— எனக்கு அடுத்த வரி மறந்து போச்சு மாப்ள. சுத்தமா. கூட்டத்தைப் பார்க்கவே பயமா இருந்துச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, வரட்டும் வரட்டும்னு இழுத்துக்கிட்டே நின்னேன். கண்ணைத் திறந்தா எல்லாரும் கை தட்டறாங்க.

— அந்த நேரத்துல லிஃப்ட்டு என்ன பண்ணிக்கிட்டிருந்தார்னு பார்த்தீங்களா?

— அவன் எங்கே போகப் போறான்? வழக்கம்போல பின்னாடிதான் உக்காந்திருந்திருப்பான். ஏன், அவன் ஏதாவது சொன்னானா?

— ஒண்ணும் சொல்லல மச்சான். சும்மாதான் கேட்டேன். எழுந்திருங்க, லிஃப்ட் வந்துடுச்சு.

— மெதுவா வாங்க டாக்டர், அவசரமே இல்ல. கதவை நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.