சொந்தக் கையால்

அன்று மழை பெய்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்டோரியாவில் மழை பெய்யாத நாளை நினைவில் வைத்துக்கொள்வதுதான் எளிது. கோப்பை நீலமா பச்சையா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது என்று நம்புகிறேன். கதவைச் சாத்திவிட்டு, குறிப்பேட்டோடு உட்காருங்கள். கிர்ஸ்டி சமையலறையில் இருக்கிறாள். அவளுக்கு இதை நீங்கள் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களுக்கு மேடை விவாதம் சொல்லிக்கொடுத்தவன். ஒரு தரப்பை எடுத்தால் கடைசிவரை விடக் கூடாது என்பதுதான் நான் நடத்திய ஒரே பாடம். என் மனைவி ஜூடித், எங்கள் ஒரெகன் மாநிலத்தில் சாகும் உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே இறந்தவள். கடைசி மாதம் முழுவதும் "போதும்" என்ற ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மருத்துவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் இருந்த நானும் அதையேதான் செய்தேன். ஒரு மனிதர் தன் முடிவைச் சொல்லும்போது அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று அப்போது தோன்றியது. ஓய்வு பெற்றதும், அந்தச் சட்டத்துக்காக உழைக்கும் சங்கத்தில் சேர்ந்தேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிழைக்க மாட்டார் என்று மருத்துவர்கள் சொன்னவர், தன் உயிரை முடித்துக்கொள்ள மருந்து கேட்டுப் பெறலாம். குடிக்கும் நாளில் நாங்கள் வீட்டுக்குப் போவோம். எல்லோர் முன்னாலும் இரண்டு கேள்விகள் கேட்போம். இதைக் குடித்தால் என்ன ஆகும் என்று தெரியுமா? இப்போதும் இது வேண்டுமா? பிறகு, குமட்டாமல் இருக்க முதலில் ஒரு மருந்து. அதன்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருப்பு. அதற்குப் பிறகுதான் கோப்பை. கோப்பையை அவரே எடுத்து அவரே குடிக்க வேண்டும். கை நடுங்கினாலும் நாங்கள் பிடிக்க மாட்டோம். அதில் நான் எப்போதும் கண்டிப்பாக இருந்தேன்.

ஹில்மா கங்காஸ், மீன் டப்பா ஆலையில் சூரை மீன் அறுத்தே வயதானவள். நாக்கில் புற்றுநோய். கதிர்வீச்சில் நோய் போகவில்லை, சுவை போய்விட்டது. "உப்பும் ஒண்ணு, சக்கரையும் ஒண்ணு. என் சமையலை இப்பத்தான் என்னாலயே திங்க முடியுது" என்பாள். கூட்டங்களுக்கு அவளை நான்தான் அழைத்துப் போவேன். வார்த்தைகள் குழறும், ஆனாலும் கூடம் முழுக்க அவள் பேச்சைக் கேட்கும். எதிர்த்தரப்புப் பாதிரியார் ஒருவர், உயிர் கடவுள் கொடுத்தது அல்லவா என்று கேட்டபோது, "இந்த நாக்கையும் அவர்தான் குடுத்தாரு. திருப்பி வாங்கிக்கச் சொல்லுங்களேன்" என்றாள். எதிரில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எங்கள் சுவரொட்டிகளில் அவள் முகம்தான் இருந்தது.

அந்த வருடம் பக்கத்து மாநிலத்தில் இதே சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு, அதற்கு முந்தின திங்கட்கிழமையைத் தன் நாளாக ஹில்மாவே தேர்ந்தெடுத்தாள். நான் யோசனை சொன்னேன், அவள் ஒப்புக்கொண்டாள் என்பது சரியாக இருக்கும். அவளுடைய கடைசி உரையை நான் பக்கத்து மாநிலத்தில் வாசிப்பதாக ஏற்பாடு.

மகள் கிர்ஸ்டிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பல் ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள். அம்மாவைச் சுவரொட்டியில் பார்த்த நாளிலிருந்து பேச்சை நிறுத்தியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆலையில் கூட வேலை செய்த இரண்டு கிழவிகளும் வந்திருந்தார்கள். ஹில்மா முந்தின நாளே ஏலக்காய் ரொட்டி சுடச் சொல்லியிருந்தாள். வாசலில் வானொலி நிருபர் ஒருவர். எங்கள் சங்கத்திலிருந்து ராபர்ட்டா என்ற பெண்மணியும் நானும். நான் இரண்டு கேள்விகளையும் கேட்டேன். இரண்டுக்கும் ஹில்மா ஆமாம் என்றாள். இது முக்கியம். எல்லோரும் கேட்டார்கள். முதல் மருந்தை விழுங்கினாள். ராபர்ட்டா விருந்தினரை முன்னறைக்கு அழைத்துப் போனாள்.

அப்போது படுக்கையறைத் தொலைபேசி ஒலித்தது. கிர்ஸ்டி.

நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். பிறகு ஹில்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்ப உள்ளே போனபோது அவள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாத்தியாரே, கப்பல் வியாழக்கிழமை கரைக்கு வருதாம். என் மக நேரா இங்கதான் வர்றா."

"நல்ல செய்தி, ஹில்மா."

"அதனால இன்னிக்கு வேண்டாம். எல்லாரையும் அனுப்பிடு. ரொட்டியைத் தின்னுட்டுப் போகட்டும், வீணாப் போயிடும்."

வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்காம? இது பாட்டுக்கு வலிக்கட்டும். மூணு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கறேன். ஏன்யா மூஞ்சி இப்படித் தொங்குது? உனக்கென்ன ரயில் போயிடுச்சா?"

"இல்லை."

"பின்ன போ. காலையிலேர்ந்து பட்டினி போட்டுட்டீங்க. அந்த ப்ளூபெர்ரிக் கூழைக் கொண்டா. நேத்து நானே சொல்லிச் சொல்லிக் காய்ச்ச வெச்சது."

அந்த ஊர் ஃபின்லாந்துக்காரர்கள் ப்ளூபெர்ரிப் பழத்தில் காய்ச்சும் கூழ் அது. கருநீலம், மாவு சேர்த்துக் கொழகொழப்பாக இருக்கும். கசப்பு தெரியாமல் இருக்க, கோப்பைக்குப் பிறகு சாப்பிடுவதற்காகச் செய்யச் சொல்லியிருந்தாள்.

கூடத்தில் ராபர்ட்டா எதிர்ப்பட்டாள். "மனசு மாறலையே?" என்று வழக்கம்போலக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தோளைத் தட்டினாள். "மாறினாலும் நமக்கு நல்லதுதான், வெண்டல். மாறலாம்னுதானே சட்டமே சொல்லுது. நாளைக்கு அதையே அங்க போய்ச் சொல்லேன், வாயை மூடிக்குவாங்க." அவள் சொன்னது சரியான வாதம். என் மாணவன் யாராவது சொல்லியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

"மாறலை. நேரமாச்சு" என்றேன்.

சமையலறையில் மருந்து கலக்கித் தயாராக இருந்தது. சன்னலுக்கு வெளியே ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல் நகராமல் நின்றது. நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். தெளிந்த மனதோடு, சாட்சிகள் முன்னால், பல மாதங்கள் யோசித்து ஒருத்தி எடுத்த முடிவு ஒரு பக்கம். ஒரு தொலைபேசி அழைப்பில் வந்த சபலம் மறுபக்கம். இதில் எது உண்மையான ஹில்மா? வியாழக்கிழமை மகள் வந்து அழுவாள். வெள்ளிக்கிழமை இன்னொரு காரணம் வரும். அவள் ஜூடித்தைப் போல ஆகிவிடுவாள். அவளிடமிருந்து அவளையே காப்பாற்ற வேண்டியிருந்தது.

கூழைக் கோப்பையில் எடுத்து, மருந்தை அதில் ஊற்றிக் கலக்கினேன். நிறம் மாறவில்லை. சுவை அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

விருந்தினர்கள் என் பின்னாலேயே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தேன். அவளிடம் நீட்டவில்லை. அவளே எடுத்தாள். பசி போலிருக்கிறது, வேகமாகக் குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அந்தக் கணத்தில் என் விரல்கள் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. பிறகு மீதியையும் குடித்தாள். ஆலையில் கூட இருந்த கிழவி ஒருத்தி விம்மினாள்.

ஹில்மா உதட்டைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். "என்னடி இது, எழவு வீடு மாதிரி? வாத்தியார் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

ராபர்ட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன், ஹில்மா" என்றேன். "எல்லாம் சொல்லிட்டேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சட்டம் அனுமதிப்பதுதான்.

ஹில்மாவின் பார்வை கோப்பைக்குப் போனது. பிறகு என்னிடம் வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நோய் வந்த நாக்கு, அது எப்போதும் குழறும். கண் மூடும்வரை என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் சிலர் இப்படிக் குழம்புவார்கள் என்று விருந்தினர்களுக்கு விளக்கினேன். ஒருவரும் மறுக்கவில்லை. ராபர்ட்டா ஜெபம் சொன்னாள்.

வியாழக்கிழமை துறைமுகத்தில் கிர்ஸ்டியை நான்தான் போய்ப் பார்த்தேன். முதுகில் மூட்டையோடு இறங்கினாள்.

"காத்திருக்கேன்னு சொன்னாங்களே. சிரிச்சாங்களே" என்றாள்.

"உன் மனசு உடையக் கூடாதுன்னு அப்படிச் சொன்னாங்க, கிர்ஸ்டி. போனை வெச்சதும் வலி தாங்க முடியல. தன் கையாலயே எடுத்தாங்க. நான் பார்த்தேன்."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் பொய் சொல்லவில்லை என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். கடைசிப் பகுதி உண்மைதான்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மாநிலத்தில் சட்டம் நிறைவேறியது. ராபர்ட்டா அரிசோனாவில் தன் மகன் வீட்டில் தூக்கத்தில் இறந்தாள். விம்மிய கிழவி இன்னும் ஏலக்காய் ரொட்டி சுட்டு எனக்கு அனுப்புகிறாள். கிர்ஸ்டி கப்பல் வேலையை விட்டுவிட்டு எங்கள் சங்கத்தில் சேர்ந்தாள். தன்னை நோகவிடாமல் இருக்க அம்மா சொன்ன கடைசிப் பொய்யைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறாள். கேட்பவர்கள் அழுகிறார்கள். எனக்கு நுரையீரலில் புற்று வந்திருக்கிறது. இலையுதிர் காலத்தைத் தாண்ட மாட்டேன் என்றார்கள். மருந்து வாங்கியாகிவிட்டது, அந்த அலமாரியில் இருக்கிறது. எனக்குத் துணையாகச் சங்கம் கிர்ஸ்டியைத்தான் அனுப்பியிருக்கிறது.

அவள் கூழ் காய்ச்சிக் கொண்டுவருவாள். ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், தொட மாட்டேன். இரண்டு முறை நாள் குறித்தோம். இரண்டு முறையும் அந்தக் கேள்விகளைக் கேட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். அவள் சரியென்று போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

இதற்காகத்தானே நாங்கள் இவ்வளவு பாடுபட்டோம்.