பேக்கிங்கில் ஒரு ஆம்பளை

"எம் புருசன வேலைக்குச் சேத்தா கம்பெனிக்கு லாபமாம்ட்டி!"

நாகலாபுரம் பஸ்ஸில் முன் சீட்டு அக்கா இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போனது. அவரும் பக்கத்துப் பெண்ணும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள்.

"எப்படிக்கா லாபம்?"

"வெளிநாட்டுல சரக்கு வாங்குதவிய சொல்லிட்டாவளாம். எல்லா விதமான ஆளும் கலந்திருந்தாத்தான் யாவாரம் பெருகுமாம். நம்ம பேக்கிங்ல பூரா பொம்பளையாவே இருக்கோம்லா? அதான் மேனேஜரு இவியள வரச் சொல்லுதாரு."

"நல்லதுதானக்கா?"

"என்னட்டி நல்லது? பகல் பூரா இவியளத் திட்டிக்கிட்டேதான் நான் பெட்டி அடுக்குதேன். பக்கத்துலயே வந்து உக்காந்தா யாரத் திட்ட?"

"அப்ப பேச்சு நின்னு பெட்டி கூடுதலா அடுக்குவிய. ஒருவேள, லாபம்னு சொன்னது அதத்தானோ?"

அக்கா குழம்பிப்போனார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் மூணாப்போடு படிப்பை நிறுத்தியதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் லாபம். என் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைப் போலவே முழித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டாப் வந்ததும் அக்கா திரும்பி, அவரைப் பார்த்து, "இறங்குங்க" என்றார்.

அவர் எழுந்துகொண்டே கேட்டார்: "ஏட்டி, நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா, வேண்டாமா?"