இனி வலிச்சா மதி

"அந்த மலையாள டாக்டர் ‘இன்சுலின் இனி வலிச்சா மதி’ன்னாரு. எனக்குப் பகீர்னு ஆயிட்டு."

சின்னக்கானலிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். பேசியவளின் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. என் மகனுக்குப் போன மாதம்தான் கண்டுபிடித்தார்கள். காதை அங்கேயே வைத்திருந்தேன்.

"இத்தனை வருஷம் வலிச்சது போதாதான்னு கேட்டுட்டேன்."

"அடி கோட்டிக்காரி, மலையாளத்துல வலிக்கிறதுன்னா இழுக்கிறதுல்லா. பீடி வலிக்கிற மாதிரி. இழுத்தாப் போதும்னு சொல்லிருக்காரு."

"அதத்தான் சொல்லிச் சிரிச்சாரு. மருந்து பொடியா வருது. ஊதச் சொல்லி நெஞ்சைப் பாத்துட்டுத்தான் குடுத்தாங்க. சாப்பிடுமுன்ன வாயில வச்சு ஒரு இழுப்பு."

"ஊசியே கிடையாதா?"

"ராத்திரி ஒண்ணு மட்டும் உண்டு."

"மூச்சுல போயி ரத்தத்துல சேருதாக்கும். எப்படித்தான் கண்டுபிடிச்சானோ."

"நேத்து மத்தியானம் அவ இழுத்து முடிச்சுட்டா. நான் தட்டோட போறேன், பழக்கத்துல சட்டையத் தூக்கி வயித்தக் காட்டுதா. பத்தொம்பது வயசுப் புள்ள. ‘சட்டைய இறக்கு மக்கா, சோறு மட்டுந்தான் கொண்டாந்திருக்கேன்’னேன்."