பேட்ரிக்குக்கு ஒரு பாஞ்சோ

ராகேல்: அப்போ இதுக்குப் பின்னால மூடியே கெடையாதா?

சத்தியநேசன்: கெடையாது. அதுதான் ஓப்பன் பேக். போட்டோவப் பாரு. தோலுக்குப் பின்னால தொறந்து கெடக்கும்.

ராகேல்: அடியில்லாத பானை மாதிரி... மூடி உள்ளதையே வாங்கப்பிடாதா?

சத்தியநேசன்: மூடி இருந்தா சத்தம் முன்னால பாயும். அங்க அயர்லாந்து பப்புல எல்லாரும் வட்டமா இருந்து, பிடிலு, குழலுண்ணு ஒரே பாட்ட சேந்து வாசிப்பாவ. ஒருத்தன் மட்டும் கொட்டி முழக்குனா கொள்ளுமா? இது பதமா கேக்கும். பின்னால துவர்த்துத் துண்ட மடிச்சுச் செருகுனா இன்னும் அடங்கும்.

ராகேல்: நம்ம சபைக் கொயர்ல ஏசுஅடிமை அண்ணனுக்க கீபோர்டுலயும் ஒரு துவர்த்து செருகணும்.

சத்தியநேசன்: சிரிக்காத. பேட்ரிக்கு என்னைய நம்பிக் கேட்டிருக்கான். அயர்லாந்துல எங்கூட வேல பாக்குதவன். "லீவுக்குப் போறியே, ஒனக்க பொண்டாட்டி வயலின் வாசிச்சவதானே, ரெண்டு பாஞ்சோல எது நல்லதுண்ணு கேட்டுச் சொல்லு"ண்ணான்.

ராகேல்: வாசிச்சவ... ஆமா. ஸ்கூட்டர்ல விழும் முன்ன.

சத்தியநேசன்: அத விடு.

ராகேல்: எங்க விட? வயலின நாடிக்குக் கீழ வைக்க இந்தத் தோளு ஏற மாட்டேங்கு. இனி ஏறாதுண்ணு டாக்டரும் சொல்லியாச்சு.

சத்தியநேசன்: பாஞ்சோவ மடியில வச்சா போரும். தோளுக்கு வேலையே இல்ல.

ராகேல்: பேட்ரிக்குக்குத் தோளு நல்லாத்தானே இருக்கு?

சத்தியநேசன்: சும்மா... ஒரு விவரத்துக்குச் சொன்னேன்.

ராகேல்: தந்தி எத்தன?

சத்தியநேசன்: நாலு. ஜி, டி, ஏ, ஈ.

ராகேல்: வயலினுக்கும் அதாக்குமே!

சத்தியநேசன்: அதேதான். ஒரு ஸ்தாயி கீழ, அவ்வளவுதான். வயலின் பழகுன விரலு தன்னால போய் விழும். கழுத்துதான் கொழப்பம். ஒண்ணுக்கு வீணை மெட்டு மாதிரி பத்தொம்பது ஃப்ரெட், நீளக் கழுத்து. மத்ததுக்குப் பதினேழு, குட்டை. இந்தா, ரெண்டு அளவையும் பேப்பர்ல கோடு போட்டிருக்கேன். அகப்பைய வச்சிட்டு விரல விரிச்சு வை.

ராகேல்: கறி அடிப்பிடிக்கும்.

சத்தியநேசன்: ஒரு நிமிசம். அதென்ன, அகப்பைக் காம்புல கோடு கோடா...

ராகேல்: மஞ்சக் கறை. பேப்பரக் காட்டுங்க... நீளத்துல சுண்டுவிரலு எட்டல்ல. குட்டையில சொகமா இருக்கு.

சத்தியநேசன்: அப்போ குட்டைதான். முடிஞ்சுது.

ராகேல்: பேட்ரிக்கு ஆறடிக்கு மேலண்ணு சொன்னிய. கையி பலாக்கா கணக்கா இருக்கும்ணு சொன்னிய. அவனுக்கு எனக்க சுண்டுவிரல வச்சா அளக்குதிய?

சத்தியநேசன்: பொதுவா ஒரு... நீ வயலின எடுத்துட்டு வா. கழுத்த ஒப்பிட்டுப் பாப்போம்.

ராகேல்: அது... பரணுல கெடக்கு.

சத்தியநேசன்: நான் ஏறி எடுக்கேன்.

ராகேல்: ஏணிய பக்கத்து வீட்டுக்காரவ கொண்டு போயிட்டாவ.

சத்தியநேசன்: சரி, வேண்டாம். மார்த்தாண்டத்துப் பய ஜெரிஷ் எங்கூடத்தான் வேல பாக்குதான். அடுத்த வாரம் லீவுல வாறான். குட்டைய வாங்கிக் கையோட கொண்டு வரச் சொல்லீருதேன்.

ராகேல்: எங்க கொண்டு வர?

சத்தியநேசன்: இஞ்சதான், நாகர்...

ராகேல்: ம்... சொல்லுங்க.

சத்தியநேசன்: கறி... கறி அடிப்பிடிக்குதாண்ணு பாரு.

ராகேல்: அயர்லாந்துல இருக்குத பேட்ரிக்குக்கு, அயர்லாந்துல வாங்குத பாஞ்சோ, நாகர்கோவிலுக்கு எதுக்கு வருது அத்தான்?

சத்தியநேசன்: பேட்ரிக்குக்கு இல்ல. ஒனக்கு. நேராச் சொன்னா வேண்டாம்ணு அடிச்சுப் பேசியிருப்ப.

ராகேல்: பேசியிருப்பேன்... இஞ்ச பாருங்க, வயலினு பரணுல இல்ல. கொயர்ல புதுசா வந்த பிள்ளைக்குக் குடுத்துட்டேன்.

சத்தியநேசன்: ஷைஜாக்கு. ஞாயித்துக்கிழம சபையில அவ கையில பாத்தேன்.

ராகேல்: பாத்துட்டு ஏன் ஒரு வார்த்த கேக்கல்ல?

சத்தியநேசன்: கேக்க பயமா இருந்துச்சு ராகேலு. அங்கயிருந்து ஒவ்வொரு பாட்டா போன்ல புடிச்சு அனுப்புனேன். நீ நல்லாருக்குண்ணு கூடச் சொல்லல்ல. இவ பாட்டையே தலைமுழுகிட்டாளோண்ணு... நெஞ்சு ஆறல்ல எனக்கு.

ராகேல்: வயலினப் பாத்தா அழுக வந்துச்சு, குடுத்துட்டேன். அகப்பையப் பாத்தா அழுக வரல்ல. நீங்க அனுப்புன பாட்டு ஒண்ணு விடாம அதுக்க காம்புலதான் விரலு வச்சுப் பழகியிருக்கேன். அந்த மஞ்சக் கறைய நல்லாப் பாருங்க... நாலு விரலுக்கும் நான் போட்ட கோடாக்கும்.