அப்பா பெயர் எழுதிய பீப்பாய்

அன்று காலை குற்றாலம் பேரருவியில் இருந்தவர்கள் நான், என் தம்பி நயினார், அவன் மனைவி உலகம்மை, எங்களுக்கு வழக்கமாக எண்ணெய் தேய்த்துவிடும் மசூது. சாரல் இதமாக இருந்தது. உட்காரச் சொல்லாதீர்கள், இன்ஸ்பெக்டர். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. நின்றே சொல்கிறேன்.

எங்கள் அப்பா இலஞ்சியில் சாராயக்கடையைத் திறக்கவிடாமல் அதன் வாசலில் படுத்துக் கிடந்தவர். அந்த மரியாதையில்தான் கோயில் பரிவட்டம் இன்றும் எங்கள் தலையில் ஏறுகிறது. எங்கள் வீட்டில் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துத்தான் வாங்குவோம்.

நயினார் தன் பங்குத் தென்னந்தோப்பை விற்று, ஸ்காட்லாந்தில் சிங்கிள் மால்ட் விஸ்கி பீப்பாய்கள் வாங்கிப் போட்டிருந்தான். எண்ணெய் தேய்க்கும்போதுதான் சொன்னான்.

“நாம குடிக்கவா போறோம், அண்ணே? நெலம் வாங்கிப் போடுத மாதிரிதான். அது பாட்டுக்கு அங்கன கிட்டங்கில தூங்கும். வயசாக ஆக வெல ஏறும்.”

மசூது சிரித்தான். “எங்க மச்சானும் துபாய்ல தூங்கத்தான் செய்யுதாரு அண்ணாச்சி. வயசுதான் ஏறுது.”

நானும் சிரித்தேன். தோப்பு அவனுடையது, அதுவரை எனக்குக் கோபம் இல்லை. பிறகு அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினான். பீப்பாய் மூடியில் வெள்ளை எழுத்தில் அப்பாவின் பெயர். வாங்குகிறவர் சொல்லும் பெயரை எழுதிக் கொடுப்பார்களாம்.

“அப்பா பேரு சீமையில நிக்குது, பாத்தியளா? சாயங்காலம் எம் மக நிச்சயதார்த்தத்துல சம்பந்தி வீட்டுக்கெல்லாம் காட்டணும்.”

“அழிச்சிரு, நயினாரு.”

“என்னண்ணே இப்படிச் சொல்லுதிய? பெருமைல்லா.”

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்க வந்தான். மறைத்துச் செய்திருந்தால் அதட்டி நிறுத்தியிருப்பேன். அவன் பாசத்தோடு செய்திருந்தான். பாசத்தோடு செய்கிறவனை நிறுத்த வழி கிடையாது.

மலையில் வெள்ளம் புரண்டு, அருவித் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. போலீஸ்காரர் விசில் ஊத, எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். உலகம்மை பெண்கள் பக்கம் இருந்தாள். மசூது கிண்ணங்களை அள்ளிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் காலோடு பாறையில் தடுமாறிய நயினார் என்னிடம் கை நீட்டினான். பிடித்தேன். பிடித்த கையாலேயே வெள்ளத்தின் பக்கம் தள்ளினேன். நான் வழுக்கிவிட்டதாக நினைத்து, அப்போதும் அவன் என்னைத் தாங்கத்தான் பார்த்தான்.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்தீர்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் உலகம்மை போனில் அந்தப் பீப்பாய்ப் படத்தைக் காட்டி அழுதாள். அதிலிருந்து டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது, வெளியே வந்தால் தொடர்கிறது. அதனால்தான் வந்தேன்.

நயினார் விஸ்கி போதையில் வழுக்கி விழுந்தான் என்று தென்காசி வரை பேசுகிறார்கள். அது பொய். என் தம்பி வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவனைக் கொன்றது நான். எங்கள் குடும்பத்துக்கு எந்தக் களங்கமும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.